லிஸ்ட்ல இல்லாதது பைக்குள்ள எப்படி வருது?

ஹாஸ்டல விட்டு வெளிய ரூம் எடுத்து, நாலு பேரா சேர்ந்து சமைக்கிறவங்களுக்கு இது நல்லா தெரியும். வாங்கப் போனது வெங்காயம், தக்காளி, பால். பில்லைப் பார்த்தா அதுல ரெண்டு சிப்ஸ், ஒரு கூல் டிரிங்க், "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" பிஸ்கட். மாசக் கடைசியில சிலிண்டருக்குப் பங்கு கேட்கும்போது நாலு பேர் அக்கவுண்ட்லயும் காசு இருக்காது. உடனே "நமக்குக் கட்டுப்பாடே இல்ல"ன்னு திட்டிக்கிறோம். ஆனா கடையோட டிசைனையும் கொஞ்சம் பார்க்கணும்.

அண்ணாச்சி கடையில நாம கவுண்டருக்கு வெளிய நிற்போம். "கால் கிலோ துவரம்பருப்பு"ன்னு சொன்னா அவர் எடை போட்டுக் கட்டித் தருவார். கேட்காதது பைக்குள்ள வராது.

அமெரிக்காவிலும் மளிகைக் கடை பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. 1916-ல் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். பொருளை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே நுழைந்தவர் எல்லா அலமாரிகளையும் தாண்டித்தான் பில் போடும் இடத்துக்கு வர முடியும். 1937-ல் ஓக்லஹோமா சிட்டியில் சில்வன் கோல்ட்மேன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கூடை கனத்துப் போனால் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் அவர் கவலை!

இன்னைக்கு நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்லயும் அதே லாஜிக்தான். அதிகம் விக்க நினைக்கிற பொருள் கண் மட்டத்துல இருக்கும். க்யூல சும்மா நிற்கும்போது கைக்கு எட்டுற தூரத்துல சாக்லேட் இருக்கும். டெலிவரி ஆப்ல இன்னொரு வித்தை: "இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கினா டெலிவரி இலவசம்." டெலிவரி கட்டணம் 25 ரூபாய்னு வச்சுக்குவோம். அதை மிச்சம் பிடிக்க, தேவையே இல்லாத 60 ரூபாய் பொருளை வாங்கினா கையை விட்டுப் போறது 35 ரூபாய்.

சரி, நாம என்ன செய்யலாம்?

1. டப்பாவைத் திறந்து பார்த்துட்டு லிஸ்ட் எழுதுங்க. அளவோட எழுதுங்க. "பருப்பு"ன்னு எழுதினா ஒரு கிலோ பாக்கெட் வரும். "துவரம்பருப்பு அரை கிலோ"ன்னு எழுதினா அரை கிலோதான் வரும்.

2. வண்டி வேண்டாம், கூடை எடுங்க. கை வலிச்சா நல்லதுதான். பசியோடவும் போகாதீங்க.

3. யூனிட் விலையைப் பாருங்க. பேக் செய்த பொருட்களில் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கு. எம்.ஆர்.பி. பக்கத்துல தேடுங்க. 200 கிராம் 58 ரூபாய், 500 கிராம் 150 ரூபாய்னா, கிராமுக்கு 29 பைசா, 30 பைசா. பெரிய பாக்கெட்தான் இங்க விலை அதிகம்!

4. ஆப்ல தோணினதும் ஆர்டர் போடாதீங்க. கார்ட்ல போட்டு வைங்க. வாரத்துக்கு ரெண்டே நாள், நாலு பேரும் பார்த்துட்டு ஒண்ணா ஆர்டர் போடுங்க. மூணு நாள் கழிச்சு அதுல பாதி யாருக்கும் தேவைப்படாது.

5. ஸ்நாக்ஸுக்குன்னு ஒரு தொகையை முதல்லயே ஒதுக்குங்க. சிப்ஸே கூடாதுன்னு சட்டம் போட்டா ஒரு வாரம்கூட நிற்காது.

இன்னும் சுலபமான வழி, லிஸ்டை அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, கட்டி வச்சதும் போய் வாங்கிட்டு வர்றது. நடுவுல அலமாரியே கிடையாது.

இந்த மாசம் எல்லா பில்லையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. கடைசி நாள் லிஸ்ட்ல இல்லாத ஐட்டத்தை மட்டும் வட்டம் போட்டுக் கூட்டுங்க. வர்ற தொகையை சிலிண்டர் விலை பக்கத்துல எழுதி, ரூம் சுவத்துல ஒட்டுங்க. அடுத்த மாசம் யாரும் யாருக்கும் அட்வைஸ் பண்ண வேண்டியிருக்காது.