அயனியாக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

பயிர்களின்மீது தெளிக்கப்பெறும் மருந்துகளுள் எவை, எவ்வளவு, விளைபொருளில் எஞ்சி நிற்கின்றன என்பதை அறியத் திரவக் குரோமட்டோகிராபியும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவி இன்று பெரிதும் பயன்படுகிறது. முதற்பகுதி கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அனுப்புகிறது; இரண்டாம் பகுதி அவற்றை நிறையைக் கொண்டு இனங்காண்கிறது. ஆனால், நிறமாலைமானி மின்னேற்றம் பெற்ற அயனிகளை மட்டுமே உணரவல்லது. மின்னேற்றம் பெறாத மூலக்கூறு எத்துணை மிகுதியாக இருப்பினும் அதற்குப் புலப்படாது. ஆகவே, இடையே நிகழும் அயனியாக்கமே ஆய்வின் உயிர்நிலை எனலாம். இதற்குரிய முறைகளுள் மூன்று முதன்மையானவை.

1. மின்தெளிப்பு முறை: நுண்குழாய் வழியே வரும் கரைசல், சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தால் மின்னேற்றம் பெற்ற சிறு துளிகளாகச் சிதறுகிறது. கரைப்பான் ஆவியாகுந்தோறும் துளிகள் சுருங்கி வெடித்து, ஈற்றில் அயனிகள் வெளிப்படுகின்றன. அமில, கார, உப்பு இயல்புடைய பொருள்களுக்கு இது ஏற்றது. கார்பெண்டசிம் நேர் அயனியாகவும், அமிலமாகிய 2,4-டி எதிர் அயனியாகவும் தோன்றும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கும் இது பயன்படும் என்று காட்டிய ஜான் ஃபென், 2002 ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

2. வளிமண்டல அழுத்த வேதி அயனியாக்கம்: இங்குக் கரைசல் முதலில் வெப்பத்தால் ஆவியாக்கப்படுகிறது. ஊசிமுனை மின்னிறக்கம் கரைப்பான் ஆவியை அயனியாக்க, அது தன் மின்னேற்றத்தை ஆய்பொருளுக்கு அளிக்கிறது. வைட்டமின் டி போன்று முனைவுத்தன்மை குறைந்த, வெப்பம் தாங்கும் சிறு மூலக்கூறுகளுக்கு இது உகந்தது.

3. ஒளி அயனியாக்கம்: ஆவியின்மீது புறஊதா ஒளி பாய்ச்சப்படுகிறது. புகையிற் காணும் பென்சோபைரீன் போன்ற முனைவற்ற பொருள்களுக்கு இது துணைபுரியும். டி.டி.டி. போன்ற குளோரின் சேர்மங்களுக்கோ வாயுக் குரோமட்டோகிராபியே பெரிதும் கையாளப்படுகிறது.

முறை பொருத்தமாயினும் இடையூறு ஒன்றுண்டு. மிளகாய், தேயிலை முதலியவற்றின் சாற்றிலுள்ள பிற பொருள்கள் உடன் வெளிவந்து அயனியாக்கத்தைத் தடுக்கக்கூடும். மின்தெளிப்பில் இது மிகுதி. மருந்தற்ற சாற்றில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து அளந்தால், குறைவு வெளிப்படும். சாற்றை நீர்த்தல் பெரும்பாலும் பயன்தரும்.

மாதிரிகளைத் திரட்டும் களப்பணியாளர், தெளித்த மருந்தின் பெயரையும் நாளையும் தவறாது குறித்தனுப்புதல் வேண்டும். அதைக்கொண்டே ஆய்வாளர் தக்க முறையைத் தெரிகிறார். 'காணப்படவில்லை' என்னும் முடிவு, 'இல்லை' என்பதாகாது. இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்துவார்களாக.