எதிர் வரிசையில் நம் ஆள்: தலவாக்கலை எம்.பி. சி.வி. வேலுப்பிள்ளை

"எதிர்க்கட்சியில இருக்கிற ஆளுக்கு ஓட்டுப் போட்டு என்ன புண்ணியம்? அவரால ஒரு வேலையும் நடக்காதே!" கொழுந்து நிறுக்கும் இடத்திலும், கோயில் வாசலிலும் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். இது நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேட, நம் தோட்டத்திலேயே பிறந்து பாராளுமன்றம் போன ஒருவரின் கதையைப் பார்ப்போம்.

லயத்தின் பக்கத்தில் பிறந்தவர்

சி.வி. வேலுப்பிள்ளை 1914ஆம் ஆண்டு மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தார். கங்காணிக் குடும்பம். மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத படிப்பு அவருக்குக் கிடைத்தது. கொழும்பில் நாளந்தா வித்தியாலயத்தில் படித்தார். பிறகு ஆசிரியராக இருந்தார். 1934இல் கவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தாம் ஆங்கிலத்தில் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற நாடகத்தை அவரிடம் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை.

படித்தவர் நினைத்திருந்தால் தோட்டத்தை மறந்து கொழும்பிலேயே இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1939இல் தொடங்கிய இலங்கை இந்தியக் காங்கிரசில் சேர்ந்து நம்மவர்களின் பக்கம் நின்றார்.

1947இல் ஏழு பேர்

1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. தலவாக்கலையில் சி.வி., நுவரெலியாவில் எஸ். தொண்டமான். அவர்களுடன் இன்னும் ஐந்து பேர். தெரிந்தெடுக்கப்பட்ட 95 உறுப்பினர்களில் நம்முடைய ஆட்கள் ஏழு. ஏழு பேரும் எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்தார்கள்.

எதிர்க்கட்சி உறுப்பினருக்குச் சபையில் என்ன வேலை? ஒரு மசோதா வந்தால் அதிலுள்ள குறையை எடுத்துச் சொல்லலாம். இந்த வரியை மாற்று என்று திருத்தம் கொண்டுவரலாம். மந்திரியிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கலாம். கடைசியில் வேண்டாம் என்று வாக்களிக்கலாம். அவர் பேசியதெல்லாம் ஹன்சாட் என்ற சபைப் பதிவில் ஏறிவிடும்.  ஆனால் கை எண்ணிக்கையில் அரசாங்கப் பக்கம் கூடுதலாக இருந்தால் மசோதா நிறைவேறிவிடும்.

கை எண்ணிக்கையில் தோற்றது

1948இல் அதுதான் நடந்தது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் பாட்டனும், பாட்டனின் தகப்பனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்திலேயே கண்மூடிய நம் பாட்டன்மாருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே இருந்தது?

நம் ஏழு பேரும் எதிர்த்தார்கள். இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தன. செல்வநாயகமும் எதிர்த்தார். சட்டம் நிறைவேறிவிட்டது. ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று அது சொன்னது. சி.வி.யைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஆட்களின் பேர் இடாப்பிலிருந்து போய்விட்டது.

அதே 1949இல் விண்ணப்பம் போட்டுப் பிரஜாவுரிமை பெற ஒரு சட்டமும் வந்தது. 1946க்கு முன் கலியாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். முதலில் காங்கிரஸ் இதைப் பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறி, 1951 ஆகஸ்ட் கடைசித் திகதிக்கு முன் எல்லோரும் அவசர அவசரமாக விண்ணப்பம் போட்டார்கள். அதில் போன காலத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டார்கள்.

1952 மே தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடச் சபைக்குப் போகவில்லை. அந்த ஆண்டு கொழும்பில் நடந்த சத்தியாக்கிரகத்தில் சி.வி.யும் பங்குகொண்டார்.

அப்படியானால் அவர் செய்தது வீணா?

வீண் இல்லை என்பதே எங்கள் எண்ணம். பதவி போன பிறகும் அவர் தொழிற்சங்க வேலையையும் எழுத்தையும் விடவில்லை. தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். நம் மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். சபையில் கேட்காமல் விட்டவர்கள், அவர் புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டார்கள்.

1964இல் இந்தியாவுடன் ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் முடிவானது. மீதி 1,50,000 பேரைப் பற்றி 1974இல் தீர்மானித்தார்கள். உறவுகள் பிரிந்தன. ராமேசுவரம் போன கப்பலைப் பற்றிக் கதை சொல்லாத வீடு நம் தோட்டங்களில் குறைவு. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் மிஞ்சியிருந்தவர்கள் பிரஜைகளானார்கள். 2003 சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. 1948இல் அந்த ஏழு பேர் கேட்ட நியாயத்தை ஏற்க 55 வருஷம் ஆகியிருக்கிறது. 1984இல் காலமான சி.வி. அதைப் பார்க்கவில்லை.

எதிர்க்கட்சி எம்.பி. வாய்க்கால் வெட்டித் தர முடியாமல் போகலாம். ரோட்டுப் போட முடியாமல் போகலாம். ஆனால் அநியாயம் நடக்கும்போது அது அநியாயம் என்று சபையில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அனுப்ப நமக்கு வாக்கு வேண்டும். 1949இல் பறித்தது அந்த வாக்கைத்தான். அதன் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வாக்காளர் இடாப்பு வருஷாவருஷம் திருத்தப்படுகிறது. உங்கள் வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளையின் பேர் அதில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்கள். கொழும்பில் வேலைக்குப் போன மகன், கலியாணமாகி வேறு தோட்டம் போன மகள், இவர்களின் பேர்தான் அதிகம் விடுபடுகிறது. இந்தக் கட்டுரையை வாசிக்கத் தெரிந்தவர்கள், தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 1947இல் வாக்குப் போட்டுப் பிறகு அதை இழந்த தாத்தா பாட்டியின் கதையை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லக்கூடும். அதைக் கேட்டு எழுதி வையுங்கள்.