பட்டியல் யாருக்குச் சொந்தம்?

வேலை மாறவிருந்த தோழி கேட்டாள்: “ஐந்து வருஷம் நான் சேர்த்த வாடிக்கையாளர் எண்கள். தம்ப் டிரைவில் எடுத்துட்டுப் போகலாம்தானே?”

விளம்பரதாரர் எண்களோடு தினமும் புழங்கும் வானொலிக்காரி எனக்கும் அது உறுத்தியது. தேடிப் படித்தேன்.

2017இல் குளோபல் யெல்லோ பேஜஸ் வழக்கில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: உழைத்துத் திரட்டியதால் மட்டும் பதிப்புரிமை வராது. தேர்விலோ அடுக்கும் முறையிலோ படைப்பாற்றல் வேண்டும்.

“அப்போ எடுக்கலாம்!” என்றாள்.

“அவசரப்படாதே. தொலைபேசிப் புத்தகம் எல்லார் கையிலும் இருந்தது. உன் பட்டியல் நிறுவனத்துக்குள் மட்டுமே இருக்கிறது. அது ரகசியம்.”

2020இல் ஐ-அட்மின் வழக்கில் அதே நீதிமன்றம், ரகசியம் காக்கும் கடமை உள்ளவர் அத்தகவலை எடுத்தால், தம் மனசாட்சியில் களங்கமில்லை என்று அவரே நிரூபிக்க வேண்டும் என்றது.

தோழி கடைசி நாளில் தம்ப் டிரைவை முதலாளியிடமே ஒப்படைத்தாள்.