காலுக்கு ஓர் அரண்

செருப்பைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சங்கப் புலவர் சுளிக்கவில்லை. கழுதைச் சாத்தோடு மிளகுப் பொதி கொண்டு பெருவழியில் செல்லும் வணிகரைப் பெரும்பாணாற்றுப்படையில் காட்டுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அவ்வணிகர் அடியை மறைக்கும் காப்பு அணிந்திருக்கின்றனர். அதற்கு அவர் ஆளும் சொல் ‘அரணம்’. கோட்டைக்குரிய சொல்லைக் காலணிக்கு வழங்கியிருக்கிறார் புலவர்!

மிளகுக் கொடி படரும் மாத்தளைச் சீமையிலே, பலாபத்வலையில், அத்தகைய அரணம் ஒரு சோடியை என் கையாலேயே தைத்துக்கொண்டேன். மாதிரி மட்டும் வட அமெரிக்கப் பழங்குடியினருடையது. மொக்கசின் என்பது அவர்களுடைய அல்கோன்கிய மொழிகளிலிருந்து வந்த பெயர். காட்டு நிலத்தார் மென்தோலை அடியிலிருந்து மேலே மடித்துத் தைத்தனர். சமவெளியார் கடினமான அடித்தோலைத் தனியே சேர்த்தனர். கணுக்காலுக்கு மேலும் தோலை உயர்த்தி வாரினால் சுற்றிக் கட்டினால் அது நெடுஞ்சப்பாத்து ஆகிவிடும். மழைக்காலத்து அட்டைகளை அறிந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

வேலை காகிதத்தில் தொடங்குகிறது. உடற்பாரம் முழுவதும் இறங்க எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடிட வேண்டும். உட்கார்ந்து வரைந்தால் பாதம் ஒடுங்கித் தோன்றும். அந்த அளவில் பழந்துணியைத் தைத்து அணிந்து பார்த்த பிறகே தோலில் கத்தி வைக்கலாம். விலங்கின் வயிற்றுத் தோல் இழுபட்டு நெகிழும். முதுகுத் தோலே உகந்தது. குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இருபுறமிருந்தும் செலுத்தித் தைக்கிறோம். ஓர் இழை தேய்ந்து அறுந்தாலும் மற்றது பிடித்து நிற்கும். விரல்களுக்கு மேலே வரும் சிறு துண்டிலும், அதைச் சுற்றி வரும் பெருந்தோலிலும் துளைகளின் எண்ணிக்கை ஒன்றே, இடைவெளிதான் வேறு. ஆதலால் பெருந்தோல் கொசுவம்போல் மடிந்து விரல்களின்மேல் கவிந்துகொள்கிறது. முடிவில் தோலை நனைத்து, அணிந்தபடியே சிறிது நடந்து, நிழலில் உலர்த்தினால் அது அந்தக் காலின் வடிவத்தையே பெற்றுவிடும்.

தைத்த மாலைகளில், இவ்வூரை ஊடறுத்துச் செல்லும் கண்டி–யாழ்ப்பாண வீதியே என் எண்ணத்தில் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். காட்டிலும் கொள்ளைநோயிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அந்தப் பாதையை நினைந்து, 2023 யூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட மலையக மக்களின் நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றது.

அன்று வெறுங்காலோடு வந்தவர்களுள், இன்று அருந்ததியர் எனப்படும் தோல்தொழில் மக்களும் இருந்தனர். ஊராருக்கெல்லாம் செருப்புத் தைத்த கைகள் அவர்களுடையவை. ஆயினும் பிறந்த மண்ணிலே, உயர்சாதியார் தெருக்களில் செருப்பணிந்து நடக்க அவர்களுக்குத் தடை. அரணம் செய்யத் தெரிந்தவனுக்கே அரணம் இல்லை!

கைத்தொழிலின் பெருமையை நாம் மாணவர்க்குப் பாடமாகச் சொல்கிறோம். ஆனால் தச்சுக்கும் நெசவுக்கும் தரும் மதிப்பைத் தோல்வேலைக்குத் தருவதில்லை. ஒரு சோடியைத் தைத்து முடித்த எனக்குத் தெரிகிறது: தோலை அளக்கவும், வெட்டவும், கோணாமல் தைக்கவும் கணக்கும் கண்ணும் பொறுமையும் வேண்டும். கல்வி என்று நாம் போற்றுவனவும் இவைதாமே? இக்கல்வியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தவர்கள், தம்மைக் கற்றவர் என்று சொல்லிக்கொண்டது எங்ஙனம்?