தாத்தா, உங்க நிஜப் பேர் என்ன?

போட்டிருக்கிற ஜீன்ஸைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க பாஸ். பாக்கெட் ஓரத்துல குட்டியா ஒரு செம்பு ஆணி இருக்கா? அதுக்கு 1873-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினவங்க, தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும். லீவை பக்கா அமெரிக்கன்னுதானே நினைச்சீங்க? ஆள் பிறந்தது 1829-ல், ஜெர்மனியின் பவேரியாவில், புட்டன்ஹைம் என்கிற கிராமத்தில். வீட்ல வெச்ச பேர் லோப். கப்பலேறிப் போன பிறகுதான் லீவை!

இது ஒரு ஆளோட கதை இல்லை. 1683-ல் க்ரேஃபெல்ட் ஊரிலிருந்து 13 குடும்பங்கள் பென்சில்வேனியாவில் போய் இறங்கினாங்க. 1820-லிருந்து முதல் உலகப் போர் வரைக்கும் போனவங்க மட்டுமே 50 லட்சத்துக்கு மேல. அவங்களோட வாரிசுங்க இன்னிக்கு அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருக்காங்க. 'எங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊர்?'னு தேடறது அங்கே நிறைய பேருக்குப் பொழுதுபோக்கு. ஆனா தேட உட்கார்ந்த முதல் நாளே ஒரு ஷாக். தாத்தாவோட பேர், தாத்தாவோட பேரே இல்லை!

பாவம், அந்த கிளார்க்!

'எல்லிஸ் தீவில் இறங்கினப்ப ஒரு கிளார்க் தப்பா எழுதிட்டான்.' அமெரிக்காவில் பாதி வீட்ல இந்தக் கதையைச் சொல்வாங்க. உண்மை வேற. பயணிகள் பட்டியலை எழுதினது, ஐரோப்பியத் துறைமுகத்துல இருந்த கப்பல் கம்பெனி ஆட்கள். எல்லிஸ் தீவு அதிகாரி அந்தப் பட்டியலை வெச்சு ஆளைச் சரிபார்த்தார், அவ்வளவுதான். இன்னொரு மேட்டர், எல்லிஸ் தீவு திறந்ததே 1892-ல். ஜெர்மன்காரங்க உச்சகட்டமா வந்து குவிஞ்சது 1882-ல், அந்த ஒரே வருஷத்துல சுமார் 2.5 லட்சம் பேர்!

அப்போ பேரை மாத்தினது யாரு? பெரும்பாலும் அவங்களேதான். ம்யூல்லர், மில்லர் ஆனார். ரெண்டுமே மாவு மில்காரர். ஷ்மிட், ஸ்மித் ஆனார். ரெண்டுமே கொல்லர். தச்சு வேலையைக் குறிக்கிற ட்ஸிம்மர்மான், நேரா மொழிபெயர்த்து கார்பென்டர். கடைக்காரருக்கும் வாத்தியாருக்கும் வாயில நுழையணுமே!

பயத்துல மாறின பேர்

எல்லா மாற்றமும் இப்படிச் சிரிச்சுக்கிட்டே நடக்கலை. 1917-ல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிரா போர்ல இறங்கினதும் ஜெர்மன் பேரே ஒரு குற்றம் மாதிரி ஆயிடுச்சு. 'சவர்க்ராட்' என்கிற முட்டைகோஸ் ஊறுகாய்க்குக்கூட 'லிபர்ட்டி காபேஜ்'னு பேர் மாத்தினாங்க. அயோவா மாநில கவர்னர் 1918 மே மாதம், பொது இடத்திலும் டெலிபோனிலும் ஆங்கிலம் தவிர வேற மொழி பேசக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதுக்கு முந்தின மாசம், ஏப்ரல் 5 அன்னிக்கு, இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் ஊர்ல ராபர்ட் பிராகர் என்பவரை ஒரு கும்பல் தூக்குல தொங்கவிட்டது. டிரெஸ்டன்ல பிறந்த சுரங்கத் தொழிலாளி அவர். அமெரிக்கக் கடற்படையில சேரவே முயற்சி பண்ணினவர். 11 பேர் மேல வழக்கு நடந்தது. அத்தனை பேரும் விடுதலை.

அதுக்கப்புறம் எந்தக் குடும்பம் தைரியமா 'நாங்க ஜெர்மன்'னு சொல்லும்?

இங்கிலாந்துலயும் இதே கதிதான். நம்ம ஹிஸ்டரி புத்தகத்துல வர்ற கடைசி வைஸ்ராய் மவுன்ட்பேட்டன், பிறக்கும்போது பேட்டன்பெர்க். 'பெர்க்'னா மலை. அதை 'மவுன்ட்' ஆக்கி முன்னாடி தூக்கிப் போட்டு 1917-ல் அவங்க குடும்பமே பேரை மாத்திக்கிச்சு. அதே வருஷம் ராஜா குடும்பமும் ஜெர்மன் பேரை உதறிட்டு 'வின்ட்ஸர்' ஆனது.

டொனால்ட் ட்ரம்ப்பின் 1987 புத்தகத்துல, அவங்க தாத்தா ஸ்வீடன்காரர்னு இருக்கு. நிஜத்துல அவர் கால்ஷ்டாட் என்கிற ஜெர்மன் கிராமத்திலிருந்து 1885-ல், 16 வயசுல கப்பலேறின ஃப்ரெடரிக் ட்ரம்ப். கெட்சப் கம்பெனி ஹைன்ஸின் அப்பாவும் அதே குட்டி ஊர்தான்!

சத்தத்தைப் பிடிக்கிற கோடு

இங்கதான் நம்ம ஏரியா வருது, இன்ஜினீயர்ஸ்! பிராகர் செத்த அதே 1918-ல் ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் 'சவுண்டெக்ஸ்' என்ற முறைக்கு பேட்டன்ட் வாங்கினார். ஸ்பெல்லிங்கை விட்டுட்டு சத்தத்தைப் பிடிக்கிற ஐடியா. ரூல் ரொம்ப சிம்பிள். முதல் எழுத்தை அப்படியே வெச்சுக்கோ. உயிரெழுத்தைத் தூக்கிடு. ஒரே மாதிரி ஒலிக்கிற எழுத்துக்களுக்கு ஒரே நம்பர் கொடு. எல்-லுக்கு 4, எம்-முக்கும் என்-னுக்கும் 5, ஆர்-க்கு 6. ஒரே நம்பர் ஒட்டி வந்தா ஒரு தடவைதான் எண்ணணும். மூணு இலக்கம் வரலைன்னா பூஜ்யம் போட்டு நிரப்பணும்.

ம்யூல்லர், மில்லர் ரெண்டுக்கும் எம்460. ஷ்மிட்டும் ஸ்மித்தும் எஸ்530. முதல் உலகப் போர்ல அமெரிக்கப் படையை பிரான்ஸ்ல நடத்தின ஜெனரல் பெர்ஷிங்கோட முன்னோர் பேர் ஃபோர்ஷின். ஜெர்மன்ல இது 'பி', 'எஃப்' ரெண்டும் சேர்ந்து ஆரம்பிக்கும். ஸ்பெல்லிங்ல எவ்வளவு தூரம்! ஆனா ரெண்டுமே பி625. ஜெர்மனியோட மோதின படைக்கே ஜெர்மன் வம்சத்துக்காரர்தான் தளபதி!

1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் பென்ஷனுக்கு வயசை நிரூபிக்கப் பல பேர்கிட்ட பிறப்புச் சான்றிதழே இல்லை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஆளைத் தேடிப் பிடிக்க அரசாங்கம் கையில எடுத்தது சவுண்டெக்ஸ் கார்டுகளைத்தான். நான் ஒரு சாயங்காலம் லேப்ல உட்கார்ந்து இதை 'சி'-ல எழுதிப் பார்த்தேன், ஐம்பது வரிகூட வரலை.

ஆனா இதுக்கும் கண்ணுல ஒரு ஓட்டை. ட்ஸிம்மர்மான் இசட்565, கார்பென்டர் சி615. அர்த்தத்தை மொழிபெயர்த்துட்டா அல்காரிதம் அம்பேல்!

ஊர் பேர்தான் சாவி

அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க? அனுபவசாலிகள் பேரைவிட ஊரைத்தான் துரத்துவாங்க.

* கல்லறைக் கல், குடும்ப பைபிள், அமெரிக்காவில் இருந்த ஜெர்மன் சர்ச் பதிவேடு. சொந்த கிராமத்துப் பேர் பெரும்பாலும் இங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

* கணக்கெடுப்புல 'ஜெர்மனி'ன்னு மட்டும் இருந்தா பிரயோஜனமில்லை. 1871-க்கு முன்னாடி ஜெர்மனின்னு ஒரே நாடே கிடையாது. ஊர் பேர் கிடைச்சாலும் உஷார். அங்கே ஏகப்பட்ட 'நொய்ஷ்டாட்' இருக்கு. அர்த்தம் புதிய ஊர். நம்ம 'புதூர்' மாதிரி, எந்தப் புதூர்னு கேட்கணும்!

* ஹாம்பர்க் துறைமுகப் பட்டியல்கள் 1850-லிருந்து 1934 வரைக்கும் இருக்கு, பயணியோட ஊரோட சேர்த்து. பிரெமன் துறைமுகத்துல இடமில்லைன்னு பழைய பட்டியல்களை அழிச்சுட்டாங்க. இன்னிக்கு மிச்சம் 1920 முதல் 1939 வரைதான்.

* ஜெர்மனி முழுக்க அரசுப் பதிவு வந்தது 1876-ல். அதுக்கு முன்னாடின்னா சர்ச் பதிவேடு. 'குர்ரென்ட்' என்கிற பழைய கையெழுத்துல இருக்கும். அதுல 'ஈ' எழுத்து அப்படியே 'என்' மாதிரி தெரியும். வாரக்கணக்குல கண்ணு வலிக்கும்.

* ஒரே பேர்னா ஒரே குடும்பம்னு நம்பிடாதீங்க. மாவு மில் இருந்த ஊர்ல எல்லாம் ஒரு ம்யூல்லர் இருந்தார்!

நமக்கு என்ன பாஸ்?

ஜெர்மனியோட வடமேற்கு மூலையில கிழக்கு ஃப்ரீஸ்லாந்துன்னு ஒரு பகுதி. அங்கே குடும்பப் பேரே கிடையாது, அப்பா பேர்தான் பின்னாடி வரும். யான் பையன் ஹார்ம் யான்சன். ஹார்ம் பையன் யான் ஹார்ம்ஸ். அப்படியே நம்ம இனிஷியல்! 1811-ல் நெப்போலியன், 'எல்லாரும் நிலையா ஒரு குடும்பப் பேர் வெச்சுக்கணும்'னு உத்தரவு போட்டார். அன்னிக்கு யாரோட அப்பா பேர் பின்னாடி இருந்ததோ, அது பல குடும்பங்கள்ல அப்படியே உறைஞ்சு போச்சு. அதுக்கு முந்தின தலைமுறையைத் தேடறவங்க இன்னிக்கும் அங்கேதான் தலையைப் பிச்சுக்கறாங்க.

எங்க சீனியர்ஸ் எம்.எஸ். படிக்கக் கிளம்பறப்ப, ஃபார்ம்ல 'லாஸ்ட் நேம்' கட்டத்துல அப்பா பேரை எழுதிட்டுப் போறாங்க. அங்கேயே செட்டில் ஆனா, அந்த அப்பா பேர்தான் பேரன் பேத்திக்குக் குடும்பப் பேர். நூறு வருஷம் கழிச்சு டெக்சாஸ்ல ஒரு பொண்ணு 'சுப்ரமணியன்'னு தேடினா எத்தனை லட்சம் பேர் வருவாங்க? அவளுக்கு ஊர் பேர் வேணும். அதை இப்போ எழுதி வைக்க வேண்டியது நாமதான்.

இதை எழுத ஆரம்பிச்ச அன்னிக்கு எங்க ஆச்சிக்கு போன் போட்டு, தாத்தாவோட தாத்தா பேர் என்னன்னு கேட்டேன். யோசிச்சு யோசிச்சு ஒரு பேர் சொன்னாங்க, ஊரும் சொன்னாங்க. அதுக்கு மேல கேட்டா, "அது யாருக்குலே தெரியும்? உங்க தாத்தா இருந்தா சொல்லிருப்பாவ"ன்னாங்க. நோட்டுல நாலு பேரும் ரெண்டு ஊரும் இருக்கு.

இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் ஒரு போன் போடுங்க பாஸ்!