கடிபட்ட இலை சும்மா இருப்பதில்லை

தக்காளிச் செடியில் ஒரு புழு ஏறி இலையைக் கொறிக்கிறது. செடியால் எழுந்து ஓட முடியாது. புழுவைத் தட்டிவிடக் கையும் இல்லை. பாவம், நின்ற இடத்திலேயே தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும்.

1972-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீன், ரயன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளில் கொலராடோ வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். வண்டு கடித்த இலையில் ஒரு புரதம் நிறையச் சேர்ந்தது. வண்டு வாயே வைக்காத மற்ற இலைகளிலும் அதே புரதம் சேர்ந்தது! அது என்ன செய்யும் தெரியுமா? பூச்சியின் குடலில் புரத உணவைச் செரிக்கவைக்கும் நொதிகளை முடக்கிவிடும். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. பூச்சி சரியாக வளராது.

சரி, ஓர் இலையில் பட்ட காயம் தூரத்து இலைக்கு எப்படித் தெரிந்தது? செடிக்கு நரம்பு இல்லையே!

2018-இல் ஜப்பானைச் சேர்ந்த டொயோட்டா என்ற விஞ்ஞானியின் குழு இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது அராபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துச் சின்னஞ்சிறு செடி. உயிரணுவில் கால்சியம் கூடினால் அந்த இடம் ஒளிரும்படி அதை மாற்றியிருந்தார்கள். புழு கடித்ததும், உடைந்த உயிரணுக்களிலிருந்து குளுட்டமேட் என்ற பொருள் கசிந்தது. நம் மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி சொல்லப் பயன்படும் அதே பொருள்தான். உடனே கால்சிய அலை ஒன்று கிளம்பி, நொடிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில் செடிக்குள் ஓடியது. ஓரிரண்டு நிமிடத்தில் தூரத்து இலைகளும் ஒளிர்ந்தன. அந்தப் படக்காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

அலை போய்ச் சேர்ந்த இலைகளில் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் உருவாகிறது. பச்சையத்தைச் சுமக்கும் பசுங்கணிகத்தின் மெல்லிய சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்து செடி இதைச் செய்துகொள்கிறது. இந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்றை விஞ்ஞானிகள் 1962-இல் மல்லிகை எண்ணெயில் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்லிக் கட்டி விற்கிறார்களே, அந்தப் பூவின் எண்ணெய்தான் அது.

எதிர்ப்புப் பொருள்களைச் செய்யவேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடும் புரதங்கள் இலையில் எப்போதுமே இருக்கின்றன. ஆனால், தொழுவத்தில் கட்டிப்போட்ட கன்றுக்குட்டியைக் கயிறு பிடித்திருப்பதுபோல, ஜாஸ் என்ற வேறு சில புரதங்கள் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். ஜாஸ்மோனேட் வந்தால் அந்தக் கயிறு அறுந்துவிடும். அதாவது ஜாஸ் புரதங்களை உயிரணுவே சிதைத்து அழித்துவிடும். அப்புறம் கேட்க வேண்டுமா? வேலை நாலுகால் பாய்ச்சலில் நடக்கும்.

ஜாஸ்மோனேட்தான் காயத்துக்கான ஹார்மோன், கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

எத்திலீன் என்று ஒரு வாயு ஹார்மோன் உண்டு. வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைப்பார்களே, அந்தப் புகையில் இருப்பதும் எத்திலீன்தான். காயம்பட்ட தக்காளி இலையும் அதை வெளிவிடும். 1996-இல் வந்த ஓர் ஆராய்ச்சி, எத்திலீனின் வேலையைத் தடுத்துவிட்டால் தக்காளியில் ஜாஸ்மோனேட்டால் மட்டும் அந்தச் செரிமானத் தடைப் புரதத்தைச் சரியாக உண்டாக்க முடியவில்லை என்று காட்டியது. இரண்டும் சேர்ந்து கைகொடுத்தால்தான் காரியம் நடக்கிறது.

இப்போது அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குப் போவோம். அங்கே ஒரு காட்டுப் புகையிலைச் செடி வளர்கிறது. இலையைக் கடித்தால் ஜாஸ்மோனேட் பெருகும். வேரில் நிகோட்டின் என்ற நஞ்சு தயாராகி மேலே ஏறும். பெரும்பாலான பூச்சிகளுக்கு அது ஆகாது. ஆனால் புகையிலைக் கொம்புப் புழு என்று ஒன்று இருக்கிறது. நிகோட்டினைத் தாங்கிக்கொள்ளும் புழு. அதன் எச்சில் காயத்தில் பட்டதுமே செடி யார் வந்திருப்பது என்று கண்டுகொள்கிறது. குபுகுபுவென்று எத்திலீனை விடுகிறது. அந்த எத்திலீன் நிகோட்டின் கூடுவதைக் கட்டுப்படுத்திவிடுகிறது! இந்தப் புழுவிடம் நஞ்சை வீணாக்குவானேன் என்பதுபோல. அதற்குப் பதிலாகச் செடி காற்றில் மணப்பொருள்களை விடும். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு நாவாய்ப்பூச்சி வந்து, புழுவின் முட்டைகளையும் குஞ்சுப் புழுக்களையும் தின்னும்.

தக்காளியில் ஜாஸ்மோனேட்டுக்குத் துணைநின்ற எத்திலீன், காட்டுப் புகையிலையில் அதன் ஒரு வேலையைத் தடுக்கிறது. ஆகவே ஒரு ஹார்மோனின் பெயரைச் சொல்லி, அது என்ன செய்யும் என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். எந்தச் செடியில், எந்த ஹார்மோனுடன் சேர்ந்து என்றும் கேட்க வேண்டும்.

ஜாஸ்மோனேட்டுடன் அடிக்கடி முட்டிக்கொள்வது சாலிசிலிக் அமிலம். தலைவலிக்குத் தரும் ஆஸ்பிரின் இதற்கு நெருங்கிய உறவு. உயிருள்ள திசுவிலேயே தங்கிப் பிழைக்கும் நோய்க்கிருமிகள் வந்தால் செடி இதைத்தான் நம்பியிருக்கிறது. இது கூடினால் பெரும்பாலும் ஜாஸ்மோனேட்டின் வேலை குறையும். ஆஸ்பிரினை உறிஞ்சவிட்ட தக்காளிச் செடியைக் காயப்படுத்தினால் எதிர்ப்புப் புரதம் உருவாவதில்லை என்று 1988-இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த முட்டலைப் பயன்படுத்திக்கொள்ளும் கில்லாடி யார் தெரியுமா? கொலராடோ வண்டின் புழுதான்! கடிக்கும்போது தன் வாயிலிருக்கும் பாக்டீரியாக்களைக் காயத்தில் விட்டுவிடுகிறது. கிருமி வந்துவிட்டது என்று நினைத்துச் செடி சாலிசிலிக் அமில வழிக்குத் திரும்புகிறது. ஜாஸ்மோனேட் வேலை அடங்கிப்போகிறது. புழு நிம்மதியாகத் தின்கிறது. 2013-இல் வெளியான கண்டுபிடிப்பு இது.

எதிர்ப்பது ஒரு பக்கம் இருக்க, காயம் ஆறவும் வேண்டுமே. அங்கே ஆக்சின் வருகிறது. தண்டின் நுனியில் உருவாகி, கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும் ஹார்மோன் அது. தண்டைப் பாதிவரை வெட்டினால் அதன் பாதை அறுபடும். வெட்டுக்கு மேலே ஆக்சின் தேங்கும். கீழே குறையும். ஜப்பானிய விஞ்ஞானிகள் அராபிடாப்சிஸ் தண்டை இப்படி வெட்டிப் பார்த்தார்கள். வெட்டின் மேற்கரையில் தேங்கிய ஆக்சினும் எத்திலீனும் ஒரு மரபணுவை முடுக்கிவிடுகின்றன. ஆக்சின் குறைந்த கீழ்க்கரையில் ஜாஸ்மோனேட் வேறொரு மரபணுவை முடுக்கிவிடுகிறது. இரு கரையிலும் உயிரணுக்கள் பெருகி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிளவு மூடிவிடுகிறது. பூச்சியை எதிர்த்த அதே ஜாஸ்மோனேட் இங்கே தையல் வேலைக்கும் கூட நிற்கிறது, பாருங்கள்!

ஒட்டு மாங்கன்று கட்டும்போதும் இரண்டு வெட்டுக் காயங்களைத்தான் ஒன்றோடொன்று அழுத்திக் கட்டுகிறார்கள். நாற்றுப்பண்ணைக்குப் போனால் ஒட்டுக்கட்டிய இடத்தைத் தேடிப் பாருங்கள். தண்டு அங்கே கொஞ்சம் புடைத்து, மேலும் கீழும் பட்டை நிறம் மாறியிருக்கும். அடுத்தடுத்து நிற்கும் நாலைந்து கன்றுகளைத் தடவிப் பார்த்து, எதில் புடைப்பு அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதக் கன்று என்பதையும் பண்ணைக்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.