குறிச்சொல் கூடினால் குறிப்பேடு திணறும்

பாடக்குறிப்புகளைக் கணினியில் சேர்த்துவைக்க டிட்லிவிக்கி நல்லதொரு கருவி. ஜெரமி ரஸ்டன் 2004இல் உருவாக்கிய இந்த இலவச மென்பொருளில் எல்லாக் குறிப்புகளும் ஒரே கோப்பில் அடங்கும். இணையம் இல்லாமலும் உலாவியில் திறக்கலாம். குறிப்புகளுக்குக் குறிச்சொல் இட்டால், ஒரே சொல்லுடையவை பட்டியலாக வந்து நிற்கும்.

குறிச்சொல் என்பது சில எழுத்துகளே. அதனால் கோப்பு பெருத்துவிடாது. சுமை பட்டியலில்தான் இருக்கிறது. நாம் ஒரு குறிப்பைத் திருத்தும்போதெல்லாம், திரையில் உள்ள பட்டியல்களை உலாவி மீண்டும் சரிபார்க்கிறது. நூற்றுக்கணக்கான குறிச்சொற்களும், ஒன்றினுள் ஒன்றாக விரியும் பொருளடக்கமும் திறந்திருந்தால் பழைய மடிக்கணினி திணறும். 40 நிமிடப் பாடவேளையில் அந்தத் தாமதம் மாணவர்களுக்கே இழப்பு.

'சாத்தனூர் அணை' என்ற குறிப்பை எடுத்துக்கொள்வோம். அணை, ஆறு, தென்பெண்ணை, நீர், பாசனம், 1958, திருவண்ணாமலை, ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல் என ஒன்பது சொற்கள் இடத் தோன்றும். ஆற்றின் பெயரும் அணை கட்டி முடிந்த ஆண்டும் குறிப்பின் உள்ளேயே இருப்பதால் தேடினாலே கிடைக்கும். வகுப்பையும் பாடத்தையும் தனிப் புலங்களில் எழுதலாம். 'பாசனம்', 'திருவண்ணாமலை' ஆகிய இரண்டே குறிச்சொற்கள் போதும். குறிச்சொல் பட்டியலை வேண்டும்போது மட்டும் திறப்பதும் நல்லது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. குறிச்சொல் இடும் முன் நாமும் கேட்டுக்கொள்வோம்: இந்தச் சொல்லால் எந்தப் பட்டியலை எடுக்கப் போகிறோம்? விடை இல்லையெனில் அச்சொல் வேண்டாம்.